மரகதியன்

ஜனவரி 2, செவ்வாய்

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். மாப்பிள்ளை பிரசன்னா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் பைகளைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. கருப்பட்டி, பூண்டு, பிரசவ மருந்துப்பொடி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டித் துணி. இதெல்லாம் சென்னையில் கிடைக்குமா? கிடைக்கும் என்கிறார். கிடைத்தாலும் அது வேறு.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் உலக வழக்கம். தாரணி கோவில்பட்டிக்கு வரமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "நீ வேணும்னா இங்க வாம்மா" என்றாள். அந்த ‘வேணும்னா’ இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. இருந்தாலும் வந்துவிட்டேன். ஒரே மகள். அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறக்கிற பிள்ளையை முதலில் என் கையில் வாங்க வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

வாசலிலேயே சட்டம் போட்டாள். "எதையும் மாத்தி வைக்காத. எங்களைக் கேக்காம எதுவும் செய்யாத. சரியாம்மா?"

"நான் என்னத்தச் செய்யப்போறேன்?" என்றேன்.

பெரும்பாக்கத்தில் ஒன்பதாவது மாடி. நல்ல காற்று. ஆனால் அடுப்படியில் மிளகாய்ப்பொடிக்குப் பக்கத்தில் சீனி. இதை எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது? டப்பாக்களை மட்டும் வரிசைப்படுத்தினேன். அதற்குப் பெயர் மாற்றுவது இல்லை.

ஜனவரி 4

ஃப்ரிட்ஜில் இருந்த சீஸ் கட்டியை வேலைக்கு வருகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மாசமாக இருக்கிறவளுக்கு அது ஆகாது. தாரணி சாயந்திரம் தேடினாள். எனக்குத் தெரியாது என்றேன்.

ஜனவரி 7, ஞாயிறு

இன்று ஓர் அதிசயம்.

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அறை ஜன்னல் அதை ஒட்டித்தான் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்தவள் நான். காதில் விழுவது என் குற்றம் இல்லை. மாப்பிள்ளை ஏதோ இங்கிலீஷில் சொன்னார், தாரணி சிரித்தாள். பிறகு தெளிவாகக் கேட்டது: "ரொம்ப மரகதியன்!"

என் பெயர்! மரகதம் என்கிற என் பெயருக்குப் பின்னால் ஒரு வால் முளைத்து, இங்கிலீஷ் வார்த்தையாக வருகிறது. துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் வயதில் இப்படி ஓர் அதிர்ச்சி வந்தால் நெஞ்சு தாங்குமா? தாங்கிவிட்டது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்?

கேட்டால் ஒட்டுக்கேட்டேன் என்பாள். அதனால் கேட்கவில்லை.

ஜனவரி 8

சாயந்திரம் கீழே பூங்காவில் நடக்கும்போது ரெஜினா டீச்சர் கூட வந்தார். நான்காவது மாடி, நாகர்கோவில்காரர், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட வேகமாக நடக்கிறார், அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. மெல்ல விஷயத்தைப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் பெயரை இப்படி வால் வைத்துச் சொல்கிறார்கள், அது என்ன வழக்கம் என்றேன்.

"இங்கிலீஷ்ல அது உண்டு, மரகதம். பேரு பெத்த ஆளுக்குப் பின்னால ஒரு வால ஒட்டி, ஒரு குணத்தச் சொல்லுத வார்த்தையா ஆக்கிருவாங்க. காந்தின்னா காந்தியன். விக்டோரியா மகாராணின்னா விக்டோரியன். நெப்போலியன்னா நெப்போலியானிக்."

"அப்போ பெரிய ஆளுகளுக்குத்தான் வைப்பாங்களோ?"

"ஆமா, பின்ன? எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா இருக்கணும்லா. பேரச் சொன்னதும் கேக்கறவனுக்கு அந்தக் குணம் டக்குன்னு வரணும். அப்பதான் அது நிக்கும்."

காந்தி, விக்டோரியா மகாராணி, நெப்போலியன், மரகதம். வீட்டுக்கு லிப்டில் ஏறும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.

ஜனவரி 9

கோவில்பட்டியில் என் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கும் தெருவுக்கும் பெரிய மனிதர் பெயர் வைக்கிறார்களே, இங்கிலீஷ்காரர்கள் அதைக் குணத்துக்கே வைக்கிறார்கள், என் மகள் என் பெயரை வைத்திருக்கிறாள் என்றேன். அவள் சத்தமே காட்டவில்லை. பொறாமை. "என்ன குணத்துக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பொறுப்புக்காக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 11

தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

ரெஜினா டீச்சரிடம் இன்னும் சில பெயர்கள் சொல்லுங்கள் என்று நானாகத்தான் கேட்டேன். டிரகோனியன் என்றார். அந்தக் காலத்து கிரேக்க நாட்டில் டிரகோ என்று ஒருவர் சட்டம் எழுதினாராம். முட்டைக்கோஸ் திருடினாலும் தூக்குதான் என்கிற மாதிரி சட்டம் என்று சொல்வார்களாம். அதனால் ஈவு இரக்கம் இல்லாத சட்டத்துக்கெல்லாம் டிரகோனியன் என்று பெயர். அடுத்து பிர்ரிக். பிர்ரஸ் என்று ஒரு ராஜா ரோமாபுரிப் படையை ஜெயித்தாராம், ஆனால் ஜெயித்து முடிக்கும்போது தன் படையில் பாதி இல்லையாம். ஜெயித்தும் தோற்ற மாதிரி இருந்தால் அது பிர்ரிக் வெற்றி.

"கெட்டதுக்குமா பேரு வைப்பாங்க?" என்றேன்.

"கெட்டதுக்குத்தான் நிறைய, மரகதம். விக்டோரியன்னு ஒருத்தர நான் சொன்னா, அவரு பழைய பஞ்சாங்கம், வீட்ல எல்லாரையும் அடக்கி வச்சிருக்காருன்னு அர்த்தம். மகாராணிக்கு மரியாதைன்னா நெனச்சீங்க?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். மரியாதை இல்லாமல் ஒருவர் பெயரை எதற்கு வைப்பார்கள்? நம் பக்கத்தில் கெட்டவன் பெயரைப் பிள்ளைக்குக்கூட வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார். நாம் தினமும் சொல்கிற சிசேரியன்கூட சீசர் என்கிற ராஜா பெயரிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டாம். உறுதி இல்லையாம். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் உறுதி எல்லாம் யார் பார்க்கிறார்கள்?

நடையைப் பாதியில் விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஜனவரி 13, சனி

தாரணியை டாக்டர் வசுமதியிடம் கூட்டிப்போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். பிப்ரவரி முதல் வாரம், சுகப்பிரசவமாகவே ஆகும் என்றார். தாரணிக்கு அதுதான் வேண்டும். மூச்சுப் பயிற்சி வகுப்புக்கெல்லாம் போகிறாள்.

கார் வரைக்கும் வந்த பிறகு குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி மேலே போனேன். டாக்டரிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். எங்கள் ஜோசியர் நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறார், இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு மகம், அன்று காலையில் சிசேரியன் செய்துவிட்டால் பிள்ளை ராஜ யோகத்தோடு பிறக்கும். இன்றைக்கு யார் நாள் பார்க்காமல் சிசேரியன் வைக்கிறார்கள்? டாக்டருக்கும் இது புதிது இல்லை. "தாரணி அப்படிச் சொல்லலியே" என்றார். அவளுக்கும் இதே எண்ணம்தான், கேட்கக் கூச்சப்படுகிறாள் என்றேன். "சரி, அடுத்த தடவை வர்றப்ப பேசலாம்" என்றார்.

இரண்டு நாள் வலியை அனுபவித்தவள் நான். என் மகளுக்கு அது வேண்டாம் என்று நினைப்பது தப்பா?

குடை வீட்டிலேயே இருந்தது.

ஜனவரி 15, பொங்கல்

குக்கரில் பொங்கல். பால்கனியில் கரும்பு சாத்தினோம். பொங்கியது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று வளைகாப்பு. ஏழாம் மாதம் போட விடவில்லை, அப்புறம் மார்கழி குறுக்கே வந்துவிட்டது. ஒன்பதிலாவது சம்மதித்தாளே. சித்ரான்னம் ஐந்து வகையும் நானே செய்தேன். தாரணியின் ஆபீஸ் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். நல்ல கலகலப்பான பிள்ளைகள். சந்தனம் பூசிக்கொண்டே ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க பேரு?" என்றாள். சொன்னேன்.

அவள் கையில் இருந்த சந்தனக் கிண்ணம் அப்படியே நின்றது. "அய்யோ! நீங்கதான் ஒரிஜினலா?" என்று கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல டெய்லி யூஸ் பண்ணுவோம். எங்க மேனேஜர் சரியான மரகதியன்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். "அப்படின்னா என்னம்மா?"

"அது வந்து... நமக்கு நல்லதுன்னு சொல்லி, நமக்குத் தெரியாமலே நம்ம விஷயத்த முடிச்சு வச்சிருவாங்கல்ல. போன மாசம் நான் கேட்டிருந்த டிரான்ஸ்பர அவரே கேன்சல் பண்ணிட்டாரு. உன் ஃப்யூச்சருக்குத்தான்னு சொன்னாரு. கேட்டா, நான் எதுவுமே பண்ணலியேன்னு முகத்த வேற..."

"ரேஷ்மா, போதும்" என்றாள் தாரணி. கை நிறைய கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய்த் தயிர்ச்சாதத்துக்குத் தாளித்தேன். கடுகு கருகிவிட்டது. எனக்குக் கடுகு கருகி யாரும் பார்த்தது கிடையாது.

ஜனவரி 22

ஒரு ஆபீஸே என் பெயரை வைத்து ஆளைத் திட்டுகிறது. முகம் தெரியாத ஒரு மேனேஜருக்கு நான் அடைமொழி! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது.

அப்படி என்ன செய்துவிட்டேன்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கட்டடக்கலை படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கவுன்சலிங்கில் நான்தான் கம்ப்யூட்டரை முதலில் போட வைத்தேன். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம், அவ்வளவுதான். இன்றைக்கு இந்த ஒன்பதாவது மாடி எதனால் வந்தது? பிறகு அவளைக் கேட்டுப் பையன் ஒருத்தன் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். தாரணி ஊரில் இல்லை, அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். அதனால்தானே பிரசன்னா மாதிரி ஒரு தங்கமான பிள்ளை கிடைத்தது?

எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்திருக்கிறது. எதற்காகத் திட்டு?

அவளிடம் கேட்கலாம் என்று அறை வரைக்கும் போனேன். தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள்.

ஜனவரி 24, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டாக்டரிடம் போனோம். தாரணியைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "அப்போ ஞாயித்துக்கிழமை சிசேரியன் வச்சுக்கலாமா? அம்மா சொன்னாங்க, உங்களுக்கும் அதுதான் விருப்பம்னு." 

தாரணி டாக்டரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இல்ல டாக்டர். எனக்கு அப்படி எந்த விருப்பமும் இல்ல. என் உடம்பப் பத்தி இனிமே என்கிட்ட மட்டும் பேசுங்க" என்றாள்.

காரில் வரும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். "சும்மா ஒரு வார்த்தைதான்..."

"அம்மா, ப்ளீஸ். என் வயித்தக் கிழிக்க நீ நாள் குறிச்சிருக்க. அது சும்மா ஒரு வார்த்தையா?"

"உன் நல்லதுக்குத்தானடி."

"அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு ரெண்டு நாளா முகத்தத் தூக்கி வச்சிருக்கியே. இதான்மா. இதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தையே இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன். ஏமாத்துறதுன்னு சொல்லலாம்னா, நீ எனக்கு உசுரையே குடுப்ப. பாசம்னு சொல்லலாம்னா, உன்னப் பாத்தா எனக்கு பயமா இருக்கு. ரெண்டும் சேந்ததுக்கு நான் என்ன பேரு வைக்க? உன் பேரத்தான் வச்சேன்."

மாப்பிள்ளை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

வீட்டு வாசலில் சொன்னாள்: "நீ ஊருக்குப் போம்மா. குழந்தை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சு வா."

என் மகளுக்கு என்னைப் பார்த்தால் பயமாம். பயம்!

ஜனவரி 25, தைப்பூசம்

பூசமும் குடியரசு தினமும் சேர்ந்து வந்ததால் ரயில், பஸ் எதிலும் இடம் இல்லை. ஞாயிறு ராத்திரிக்குத்தான் மாப்பிள்ளை டிக்கெட் எடுத்திருக்கிறார். நான் குறித்த அதே ஞாயிறு. ரசம் வைத்தேன். யாரும் பேசவில்லை.

ஜனவரி 26

ரெஜினா டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்மணி நான்தான் என்று. "மொத நாளே தெரியும்" என்றார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

"அந்த வார்த்தையை எடுத்துப்போட என்ன வழி டீச்சர்?"

அவர் நடையை நிறுத்திவிட்டார். "வழி கெடயாது, மரகதம். டிரகோ வீட்ல பிள்ளைகளத் தோள்ல தூக்கி வச்சு வெளயாடினாரோ என்னமோ, யாருக்குத் தெரியும்? எத்தனையோ நூறு வருசமா முட்டைக்கோஸ்தான் நிக்குது. வார்த்தைக்கு ஒரு ஆளோட ஒரு பக்கம் போதும்."

"அப்போ எனக்கும் அவ்வளவுதானா?"

"ஆபீஸ்காரங்களுக்கு அவ்வளவுதான். உங்க மகளுக்கு நீங்க வார்த்தை மட்டும் இல்லியே." 

நல்ல வார்த்தைதான் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.

ஜனவரி 27, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் காபி கலக்கும்போது "அம்மா!" என்று சத்தம். மூன்று நாளைக்குப் பிறகு அவள் கூப்பிட்ட முதல் வார்த்தை. ஓடினேன். பனிக்குடம் உடைந்துவிட்டது. கணக்குக்கு ஒரு வாரம் முந்தி. மாப்பிள்ளைக்குக் கார் சாவி எங்கே என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. காரில் என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கையை எடுத்துவிடுவாளோ என்று பயம்.

வலி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மதியம் நெருங்கும்போது டாக்டர் வேகமாக வெளியே வந்தார். "குழந்தையோட ஹார்ட் பீட் இறங்குது. காத்திருக்க முடியாது. உடனே சிசேரியன் பண்ணணும்."

என் வாயால் கேட்ட அதே வார்த்தை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"அத்தை, நீங்க மறுபடியும் டாக்டர்கிட்ட ஏதாவது..."

"இல்ல மாப்பிள்ளை. சத்தியமா இல்ல. என் மக மேல சத்தியமா இல்ல."

தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேராக டாக்டரிடம் போய்த் தனியாகக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் எதையும் செய்யாமல் இருக்கிறேன், அதை நம்ப ஆள் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தியேட்டர் கதவு மூடியது. கைப்பையில் காலண்டர் தாள் இருந்தது. இன்று ஆயில்யம். மகம் பிறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆயில்யத்தில் பெண் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் படியும் ஏற்ற மாட்டார்கள். பையனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பிறக்கட்டும் என்று வேண்டினேன். உடனே பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு ஞாபகம் வந்தது. பொறுக்க வேண்டாம் சாமி, இப்போதே வரட்டும் என்று மாற்றி வேண்டினேன்.

நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். நேரத்தையும் சொன்னாள். மகத்துக்குச் சில நிமிடம் முந்தி. சில நிமிடம்தான்.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் போனது. நர்ஸ் மேஜைக்கு முன்னால் நின்று, "சிஸ்டர், தாரணி குழந்தை பொறந்த நேரத்த ஒரு பத்து நிமிசம் தள்ளி எழுத முடியுமா? சும்மாதான் கேக்குறேன்" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள்.

"நீங்கதான் மரகதம்மாவா?"

தலையாட்டினேன்.

"ரெக்கார்டுல டாக்டர் குறிச்ச நேரம்தாம்மா இருக்கும், அத யாரும் மாத்த முடியாது. ஆனா உங்களுக்குத் தனியா ஒரு சீட்டுல எழுதித் தாரேன், எத்தன மணின்னு சொல்லுங்க. உங்க மக சொல்லிட்டுத்தான் உள்ள போனாங்க. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப, அந்த வலியில என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘எங்கம்மா வந்து நேரத்த மாத்திக் கேப்பாங்க. அவங்களத் திட்டிராதீங்க. கேக்குற நேரத்த எழுதிக் குடுத்திருங்க, இல்லேன்னா தூக்கமே வராது அவங்களுக்கு’ன்னு சொன்னாங்க."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் இந்த உலகத்தில் அதிகமாக வெட்கப்பட்டது அந்த நிமிடம்தான். அதிகமாகப் பாசத்தைக் கண்டதும் அதே நிமிடம்தான். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றைக் கிழிக்கக் கொண்டுபோகிற நேரத்தில், அவள் என் தூக்கத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "வேண்டாம்மா" என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை கையில் குழந்தை இருந்தது. தியேட்டரில் இருந்து கொண்டுவந்து, யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை.

ஜனவரி 28, ஞாயிறு

மாப்பிள்ளை காலையில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். தாரணிதான் செய்யச் சொன்னாளாம். இன்று அவளைக் கொஞ்சம் சாய்த்து உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை இட்லி வாங்கப் போயிருந்தார். குழந்தையை எடுத்து என் மடியில் வைக்கச் சொன்னாள். இந்தச் சின்ன உடம்பில் எவ்வளவு சூடு!

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "சிஸ்டர்கிட்டப் போனியாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். பழக்கம். "போனேன்" என்றேன்.

"சீட்டு வாங்குனியா?"

"வாங்கல."

"ஏம்மா? ஆயில்யம்னா உனக்கு ஆகாதே."

"நானும் ஆயில்யம்தான்."

"என்னம்மா சொல்ற? நீ பூசம்லா?"

"ஊருக்குப் பூசம்" என்றேன். இந்த டைரியில்கூட இதை எழுதியதில்லை. அவளிடம் சொன்னேன். வருகிற மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். கடைசியில் எங்கள் அப்பா வேலாயுதம் நேரத்தை மாற்றி வேறு ஜாதகம் எழுத வைத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. தாலி ஏறி மறுவீடு போகும்போதுதான் காதில் சொன்னார், உன் நல்லதுக்குத்தான்மா, யார்கிட்டயும் வாயத் தொறந்துராத என்று.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியாது. உங்க அப்பாவப் பெத்த ஆச்சிக்கு ஒரு இருமல் வந்தாக்கூட, என்னாலதானோன்னு கெதக்குன்னு இருக்கும். எங்க ஊர்லருந்து யாரு வந்தாலும் என்ன பேசுறாங்களோன்னு கதவுக்குப் பின்னால நிப்பேன். வாற தபாலையெல்லாம் நான்தான் மொதல்ல ஒடைப்பேன். யாரும் எதையும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நான் முந்திக்கணும், அவ்வளவுதான். அப்படியே பழகிட்டு."

தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்போ அந்த வார்த்தைக்கு உன் பேரு தப்பும்மா. வேலாயுதம் தாத்தா பேரையில்ல வச்சிருக்கணும். வேலாயுதியன்! ஆபீஸ்ல சொல்லி மாத்திரவா?"

மடியில் குழந்தை நெளிந்தது. கையைப் பிரித்து என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம்" என்றேன். "என் பேரே இருக்கட்டும். இவ பேருல அப்படி ஒண்ணு வராம நீ பாத்துக்கோ."